புற்று ஒரு இடம், ஆபரேஷன் வேற இடமா? விடை தந்த டாக்டர் ஹக்கின்ஸ் யார்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து முற்றிய புராஸ்டேட் புற்றுநோயோட ஜிப்மருக்கோ சென்னைக்கோ போற பெரியவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வாங்க. சில மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, இல்லைன்னா விரைகளை அகற்றும் சின்ன ஆபரேஷன். கட்டி ஒரு இடத்துல, கத்தி வேற இடத்துலயா என்று குடும்பமே குழம்பிப் போகும்.

இதற்கான விடை 1941-ல் சிகாகோவில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ்.

1901-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனிதனைப் போலவே வயதான நாய்களுக்கும் புராஸ்டேட் கட்டி வரும். அந்த நாய்களை ஆராய்ந்தபோது, ஆண் ஹார்மோனை நிறுத்தினால் கட்டி சுருங்குவதைப் பார்த்தார்.

புற்றுநோய் செல் உடம்பின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காது என்று நம்பிய காலம் அது. ஹக்கின்ஸ் அதை நம்பவில்லை. எலும்பு வரை நோய் பரவிய ஆண்களிடம் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். சிலருக்கு விரைகளை அகற்றினார், சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? ரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதியை அளந்தார். சிகிச்சைக்குப் பிறகு அளவு இறங்கியது. ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் திரும்ப ஏறியது! (நோயாளிக்கு இப்படிச் செய்து பார்க்க இன்றைய நெறிமுறைக் குழுக்கள் லேசில் சம்மதிக்காது.) வலியில் துடித்த பலருக்கு நிவாரணம் கிடைத்தது.

ஆனா இது நோயை ஒழிக்கும் மருந்து இல்லை. ஆபரேஷன் செய்த முதல் 21 பேரில் 12 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் 4 பேர் மட்டுமே. பலருக்கும் புற்று திரும்பியது. அட்ரீனல் சுரப்பியும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் சுரக்கும் என்பதால், 1945-ல் அதையும் அகற்றிப் பார்த்தார். அதை ஈடுகட்டும் கார்டிசோன் மருந்து அப்போ கிடையாது, முயற்சி தோற்றது. யோசனை தப்பில்லை, காலம்தான் கைகொடுக்கல. அட்ரீனலிலும் ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2011-ல்தான்.

1966-ல் பெய்டன் ரூஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் ஹக்கின்ஸ். 1997-ல், 95 வயதில் இறந்தார்.

இன்றைய ஊசியும் அதே வேலையைத்தான் செய்யுது, விரைகளை அகற்றாமலே. ஆனா தொடர்ந்து போடணும், செலவும் அதிகம். ஆபரேஷன் ஒரே தடவை, செலவு குறைவு. அதனாலதான் நம்ம ஊர் டாக்டர்கள் இன்னமும் அதையும் சேர்த்தே சொல்றாங்க.