வாதாபி வென்ற சிறுத்தொண்டர்

வீரர் சரித்திரம் படிக்குங்கால் அவர் வென்ற நாடுகளையே நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். வென்றபின் வாளை வைத்துவிட்டு வீடு திரும்பிய ஒருவரின் சரித்திரத்தை இம்மாதம் சொல்ல விழைகின்றோம்.

சோழ நாட்டில் திருப்புகலூரை அடுத்துள்ளது திருச்செங்காட்டங்குடி. அவ்வூரில் மாமாத்திரர் குலத்திற் பிறந்தவர் பரஞ்சோதியார். ஆயுர்வேதமும் வடநூற் கலைகளும் படைக்கலப் பயிற்சியும், யானை குதிரை செலுத்தும் வித்தையும் கற்றுத் தேர்ந்து, மன்னனிடம் படைத்தொழில் பூண்டார்.

சளுக்க மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சி வரை வந்து பல்லவரை இடர்ப்படுத்தியிருந்தான். அப்பழி தீர்க்க முதலாம் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியைக் கைப்பற்றினான். வாதாபி சென்று அந்நகரைத் துகளாக்கி, மணியும் நிதியும் யானைகளும் குதிரைகளும் கொணர்ந்தவர் பரஞ்சோதியார் எனப் பெரியபுராணம் கூறும். அந்நூல் மன்னன் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அவன் நரசிம்மவர்மனே என்பது சரித்திர ஆசிரியர் பலர் துணிபு.

வெற்றி விழாவன்றோ நிகழ வேண்டும்? நிகழ்ந்ததோ வேறு. அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன், அத்தகையாரைப் போர்முனைக்கு ஏவினோமே என்று நடுங்கிப் பிழை பொறுக்க வேண்டினான். அவரோ தம் கடமையையே செய்ததாகக் கூறி அமைந்தார். பெருநிதி அளித்து மன்னன் விடைகொடுத்தான். அதன்பின் அவர் போர்க்களம் புகவில்லை.

ஊர் திரும்பியவர் திருவெண்காட்டு நங்கையாரை மணந்து, நாள்தோறும் அடியாருக்கு அமுதளித்த பின்னரே தாம் உண்டார். அடியார் முன் மிகச் சிறியராய்ப் பணிந்தமையால் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றார். பைரவ வேடத்தாருக்காகத் தம் மைந்தன் சீராளனையும் ஈந்து, ஈசனருளால் மீளப் பெற்ற வரலாறு நம் இல்லங்களில் யாவரும் அறிந்ததே.

நமது காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879-இல் கிடைத்த பல்லவர் செப்பேடு, வாதாபி வென்ற நரசிம்மவர்மனை அகத்தியருக்கு ஒப்பிட்டுப் புகழ்கின்றது. படைத்தலைவர் பெயர் அப்புகழுரையில் இல்லை. அவ்வெற்றியேனும் நிலைத்ததோ? புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டுக் காஞ்சி மேலும் படையெடுத்தான். பழிக்குப் பழி வளர்ந்ததேயன்றி முடிந்ததில்லை.

நகரை அழித்த கை சோறிட்ட கையாயிற்று. திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் சித்திரைதோறும் நிகழும் அமுதுபடையல் விழா அந்தச் சோற்றையே நினைவூட்டுகின்றது. பெரும்பட்டங்களை நாடும் நம் இளைஞர்கள், சேனாதிபதி ஒருவர் தாழ்ந்து பெற்ற இச்சிறு பெயரின் பெருமையைச் சிந்திப்பார்களாக.