தன் பெயருக்காக வழக்காடிய மார்கரெட் நைட்

எங்கள் உம்மம்மா கடதாசிப் பை ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். பழைய பத்திரிகைத் தாள்களை அளவாக வெட்டி, கோதுமை மாவில் பசை காய்ச்சி, இஷாத் தொழுகைக்குப் பிறகு மூத்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டுவாராம். விடிந்ததும் நூறு நூறாகக் கட்டிக் கடைகளுக்கு அனுப்புவார்கள். பையின் அடி சதுரமாக அமைந்து, அது தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக அவர் ஒரு பலகைத் துண்டைச் சீவி வைத்திருந்தார். அதைச் சுற்றித் தாளை மடித்தால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

பை வாங்க வந்த ஒருவர் அந்தப் பலகையை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டார். உம்மம்மாவும் கொடுத்தார். பலகை திரும்பி வந்தது. ஆனால் அடுத்த மாதமே அதே அளவில் பல பலகைகள் ஊருக்குள் வந்துவிட்டன. அதைக் கண்டுபிடித்தவர் இரவல் வாங்கியவர்தான் என்று ஊரும் நம்பியது. உம்மம்மா யாரிடமும் முறையிடவில்லை. முறையிட ஓர் இடம் இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தெரியாது.

சென்ற வருடம் புத்தாக்கப் போட்டி ஒன்றுக்காக நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது மார்கரெட் நைட்டின் வரலாறு என் கையில் கிடைத்தது. அவரும் கடதாசிப் பைக்காரிதான். வாசித்து முடிக்கும்வரை உம்மம்மாவின் முகமே என் கண்முன் நின்றது.

மார்கரெட் 1838ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் யோர்க் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பொம்மைகளை வைத்து விளையாடுவதை விட, கத்தியும் துளையூசியும் மரத்துண்டுகளும் கொண்டு எதையாவது செய்வதே அவருக்குப் பிடித்திருந்தது. சகோதரர்களுக்குப் பட்டமும் பனிச்சறுக்கு வண்டியும் செய்து கொடுத்தவர் அவர்தான். வறுமை காரணமாகப் படிப்பு நீடிக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரிலிருந்த பருத்தி ஆலையில் சிறுமியாகவே வேலைக்குப் போனார்.

அங்கே, அவருக்கு ஏறக்குறைய 12 வயதாக இருந்தபோது, ஒரு விபத்தைக் கண்டார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா, இரும்பு முனையோடு தெறித்துப் பறந்து ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியது. அதைக் கண்டு பயந்து அழுதுவிட்டுப் போகாமல், அப்படித் தெறிக்காதபடி தடுக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பைச் சிறுமி மார்கரெட் யோசித்தார். ஆனால் அதற்கு அவர் எந்த உரிமையும் பெறவில்லை. உரிமை என்று ஒன்று உண்டு என்பதை ஆலைச் சிறுமிக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

பேட்டன்ட் என்று நாம் சொல்லும் ஆக்கவுரிமை, ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் அனுமதியின்றிச் செய்யவோ விற்கவோ முடியாதபடி காப்பது. பெண்கள் அதைப் பெறக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை. தடைகள் வேறு இடங்களில் இருந்தன. நீண்ட காலமாக, திருமணமான பெண்ணின் சொத்து கணவனின் கைக்கே போனது. 1715ஆம் ஆண்டு, சோளத்தைப் பதப்படுத்தும் முறையொன்றைக் கண்டுபிடித்த சிபில்லா மாஸ்டர்ஸ் என்ற பெண்ணுக்காக இங்கிலாந்தில் வழங்கப்பட்ட பத்திரம் அவருடைய கணவர் தோமஸின் பெயரிலேயே எழுதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சட்டங்கள் மாநிலம் மாநிலமாக மாறத் தொடங்கிய பின்னரும் பணத் தட்டுப்பாடு நீங்கவில்லை. இயந்திரக் கல்வி பெண்களுக்குக் கிடைக்கவில்லை. மாதிரி செய்யவும் சட்டத்தரணி வைக்கவும் கையில் காசு வேண்டும். பட்டறைகளோ ஆண்களின் இடமாகவே இருந்தன.

1867ஆம் ஆண்டளவில் மார்கரெட், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் கடதாசிப் பைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். அக்காலத்தில் இயந்திரம் செய்த பைகள் கடித உறை போலத் தட்டையானவை. அவற்றில் பொருள் போட்டு நிமிர்த்தி வைக்க முடியாது. அடி சதுரமான பை வேண்டுமானால் கையால்தான் மடிக்க வேண்டும். தாளை வெட்டி, மடித்து, அடியை ஒட்டி, முழுப் பையையும் தானே செய்து முடிக்கும் இயந்திரத்தை மார்கரெட் வரையத் தொடங்கினார். பகலில் வேலை செய்துவிட்டு இரவில் வரைந்தார். மரத்தால் மாதிரி செய்து, அதில் பைகளையும் செய்து பார்த்தார்.

ஆக்கவுரிமை அலுவலகத்துக்கு அனுப்ப இரும்பு மாதிரி ஒன்று தேவைப்பட்டது. அதைச் செய்விக்க பொஸ்டன் நகரப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே வந்துபோன சார்ள்ஸ் அனன் என்பவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். மார்கரெட் விண்ணப்பித்தபோது அவருக்குக் கிடைத்த பதில் நிராகரிப்பு. அதே இயந்திரத்துக்கு அனன் ஏற்கெனவே உரிமை பெற்றுவிட்டார்!

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். உம்மம்மாவின் பலகையும் இப்படித்தானே போயிற்று.

ஆனால் மார்கரெட் விடவில்லை. 1870இல் அனனுக்கு எதிராக ஆக்கவுரிமை அலுவலகத்தில் வழக்குத் தொடுத்தார். அக்காலச் சட்டப்படி, முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவரிடம் நாட்குறிப்புகள் இருந்தன, வரைபடங்கள் இருந்தன, மர மாதிரிகள் இருந்தன. கூட வேலை செய்தவர்களும் பட்டறைக் கைவினைஞர்களும், அவர் 1867 முதலே இதை வரைந்து வந்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1871 ஜூலை 11ஆம் திகதி, 116,842 என்ற இலக்கமுடைய ஆக்கவுரிமை அவருடைய சொந்தப் பெயரில் வழங்கப்பட்டது.

பின்னர் பங்காளர் ஒருவருடன் சேர்ந்து ஈஸ்டர்ன் பேப்பர் பேக் கம்பனியைத் தொடங்கினார். சப்பாத்துத் தோல் வெட்டும் இயந்திரங்கள், இலக்கமிடும் கருவி, ஜன்னல் சட்டம், முதிய வயதில் சுழல் எஞ்சின்கள் என 20க்கும் மேற்பட்ட ஆக்கவுரிமைகளைப் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1914 ஒக்டோபர் 12ஆம் திகதி, 76ஆவது வயதில் மரணித்தார். அப்போது அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு 300 டொலருக்கும் குறைவு. உரிமை கிடைத்தாலும் அதன் இலாபம் பெரும்பாலும் அதைக் கொண்டு தொழில் நடத்தியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. ஆகவே இதை முழு வெற்றிக் கதையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அவர் பெயரை எவராலும் அழிக்க முடியவில்லை. அவரது பை இயந்திரத்தின் மாதிரி இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் கௌரவ மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

தோழியரே, மார்கரெட்டை வெல்ல வைத்தது அவருடைய திறமை மட்டுமல்ல. திகதியிட்டு எழுதி வைத்த பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. இன்று சட்டம் இன்னும் கண்டிப்பானது. அமெரிக்காவிலேயே 2013 முதல், முதலில் கண்டுபிடித்தவரை விட முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஓர் ஆக்கவுரிமை 20 வருடங்கள் வரை செல்லுபடியாகும். ஆகவே கண்காட்சிக்கும் போட்டிக்கும் எதையாவது செய்யும் நாம், அதை வரைந்து, திகதியிட்டு, ஆசிரியரிடம் காட்டி வைப்போம். ஊருக்கெல்லாம் காட்டும் முன் விண்ணப்பிக்கும் வழியையும் கேட்டறிவோம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: மகள் எதையாவது கழற்றிப் பூட்டினால், பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று தடுத்துவிடாதீர்கள்.

நான் இந்தக் கதையை உம்மம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைசியில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினார்களா என்று. எழுதினார்கள் என்றேன். பேசாமல் எழுந்து போய், பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பலகையை எடுத்து வந்தார். பசை படிந்து கறுத்திருந்தது. அதை அளந்து என் கொப்பியில் வரைந்தேன். இனி அதற்கு ஆக்கவுரிமை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தின் கீழே உம்மம்மாவின் முழுப் பெயரை எழுதி, திகதியும் இட்டேன்.