மனைவி, 2 மகன்களோடு கார் மாயம்! முதல் கார் செய்த பென்ஸ் வீட்டில் நடந்தது என்ன?

பென்ஸ் கார் என்றால் பெரிய பணக்காரர் வீட்டு கார் என்று சின்னப் பையனும் சொல்வான். 1954-ம் ஆண்டு முதல் 15 ஆண்டுகள் டாடா கம்பெனி லாரிகள்கூட பென்ஸ் பெயரோடுதான் நம் ஊர் ரோட்டில் ஓடின.

ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பணக்காரர் வீட்டில் பிறந்தவர் அல்ல. ஒரு ரெயில் என்ஜின் டிரைவரின் மகன்.

அவர் பெயர் கார்ல் பென்ஸ். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரை ஒட்டிய ஊரில் 1844-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி பிறந்தார். 2 வயதில் தகப்பனார் இறந்து போனார். விதவைத் தாயார் கஷ்டப்பட்டு வளர்த்தார். மகன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது தாயாரின் ஆசை.

மகனுக்கோ கை சும்மா இருக்காது. கெட்டுப்போன கடிகாரம் கிடைத்தால் போதும், பிரித்துப் போட்டு உட்கார்ந்து விடுவார். ரிப்பேர் செய்து கொடுத்து கைச்செலவுக்கு காசும் சம்பாதித்தார். கடைசியில் தாயார்தான் விட்டுக்கொடுத்தார். 19 வயதில் என்ஜினீயரிங் படிப்பை முடித்தார் பென்ஸ்.

சீர்ப் பணம்

1871-ல் மன்ஹைம் நகரில் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பட்டறை போட்டார். கூட்டாளி சரியில்லை. பட்டறை கையை விட்டுப் போகும் நிலை.

அப்போது கைகொடுத்தவர் பெர்த்தா. பென்சுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். கல்யாணத்துக்கு முன்பே தன் சீர்ப் பணத்தை வாங்கிக் கொடுத்து, கூட்டாளியின் பங்கை வாங்க வைத்தார். 1872 ஜூலை 20-ந் தேதி கல்யாணம் நடந்தது.

அப்புறமும் வறுமை விடவில்லை. பிள்ளைகள் பிறந்தன. பென்ஸ் ஒரு என்ஜினைக் கட்டிக்கொண்டு அழுதார். அது ஓடவே இல்லை.

1879-ம் ஆண்டின் கடைசி நாள் இரவு. சாப்பாடு முடிந்ததும், இன்னும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று பெர்த்தாதான் கிளப்பினார். இருவரும் பட்டறைக்குப் போனார்கள். என்ஜினைச் சுற்றிவிட்டார்கள். ஓடியது! நிற்காமல் ஓடியது! புத்தாண்டு மணி அடித்தபோது இருவரும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

நாற்றம் தாங்கவில்லை

1886 ஜனவரி 29-ந் தேதி காருக்கு பேட்டண்ட் மனு போட்டார். 3 சக்கரம். ஒரே சிலிண்டர். முக்கால் குதிரை சக்தி. மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகம். இன்றைய மொபெட்டே இதைத் தாண்டிப் போய்விடும்.

ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றுவதற்கு மூத்த மகன் யூஜின் பாட்டிலும் கையுமாகக் கூடவே ஓடினான். சத்தமும் நாற்றமும் தாங்க முடியவில்லை என்று ஊர் ஜனங்கள் புகார் செய்தார்கள். 1888 ஆகஸ்டு 1-ந் தேதி பென்சுக்கு அதிகாரிகள் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார்கள். உலகத்தின் முதல் டிரைவிங் லைசென்ஸ் இதுதான் என்கிறார்கள்.

லைசென்ஸ் கிடைத்து என்ன? காரை வாங்க ஆள் இல்லை. பென்சுக்கு பேசி விற்கத் தெரியாது. இன்னும் சரி செய்ய வேண்டும், இன்னும் சரி செய்ய வேண்டும் என்று ஸ்பேனரோடு காரின் அடியிலேயே கிடந்தார்.

அதிகாலையில் கிளம்பினார்கள்

அதே ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அதிகாலை. பென்ஸ் தூங்கிக்கொண்டு இருந்தார். பெர்த்தாவும், மகன்கள் யூஜின் (வயது 15), ரிச்சர்டு (13) ஆகியோரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி விட்டார்கள்! காரில் போவதை பென்சிடம் சொல்லவில்லை.

போன இடம், பெர்த்தாவின் தாய் வீடு. போர்ஸ்ஹைம் நகரம். தூரம் சுமார் 106 கிலோ மீட்டர். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் கார் ஓட்டியது கிடையாது. லைசென்ஸ் இருந்ததும் கணவர் பெயரில்தான். இன்றைக்கு என்றால் கேஸ் போட்டிருப்பார்கள்.

வழியில் பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் ஏது? விஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை எடுக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார் பெர்த்தா. பெட்ரோல் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். ஒயர் தேய்ந்து போனது. காலுறை கட்டும் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்து வாங்கினார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து பென்சுக்குத் தந்தி கொடுத்தார்கள். சில நாள் கழித்து அதே காரில் வீடு திரும்பினார்கள். மேடு ஏறச் சிரமமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, பென்ஸ் இன்னொரு கியர் வைத்தார். அடுத்த மாதமே மியூனிக் பொருட்காட்சியில் காருக்குத் தங்க மெடல் கிடைத்தது.

வெளியேறினார்

பிறகு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 1899-ல் மட்டும் 572 கார்கள். உலகிலேயே பெரிய கார் கம்பெனி அதுதான்.

ஆனால் சொந்தக் கம்பெனியிலேயே தகராறு. இன்னும் வேகமான கார் வேண்டும் என்றார்கள் பங்குதாரர்கள். கண்மண் தெரியாத வேகம் பென்சுக்குப் பிடிக்காது. அவரைக் கேட்காமல் பிரான்சில் இருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். 1903-ல் கோபித்துக்கொண்டு வெளியேறினார்.

அப்போது வயது 58. வேறு ஆளாக இருந்தால் ஈசிசேரில் சாய்ந்திருப்பார். இவர் பக்கத்தில் உள்ள லாடன்பர்க் ஊரில் மகன் யூஜினோடு சேர்ந்து 1906-ல் புதுக் கம்பெனி ஆரம்பித்தார். பெயர்: பென்ஸ் அண்டு சன்ஸ். பெட்ரோல் பாட்டிலோடு ஓடிய அதே பையன்தான்! 1912-ல் கம்பெனியை மகன்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார்.

வீட்டுத் தோட்டத்தில் காருக்குக் கோபுரம் போல ஒரு ஷெட் கட்டி வைத்திருந்தார். மகன்களின் கம்பெனியில் கடைசியாகச் செய்த 2 கார்களையும் விற்கவில்லை. அவர் ஓட்டவே வைத்துக்கொண்டார்.

1929 மார்ச் 31. ஈஸ்டர் ஞாயிறு. நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக அவருடைய வீட்டுக்கு வந்தன. பென்ஸ் படுத்த படுக்கையாக இருந்தார். 4 நாள் கழித்து, ஏப்ரல் 4-ந் தேதி இறந்தார். அவருக்கு வயது 84.

பெர்த்தா மேலும் 15 ஆண்டுகள் அதே வீட்டில் இருந்தார். 1944-ல், 95 வயது நிறைந்த 2-வது நாள் காலமானார். மன்ஹைமில் இருந்து போர்ஸ்ஹைமுக்கு அவர் கார் ஓட்டிய பாதையில் 2008-ம் ஆண்டு முதல் அவர் பெயர் எழுதிய போர்டுகள் நிற்கின்றன.