மைசூரு தந்த மொழியறிஞர் ஏ. கே. இராமானுஜன்

மாணவர்களே! இராமானுஜன் என்றதும் கணித மேதை உங்கள் நினைவுக்கு வரலாம். இவர் வேறொருவர், நாம் வாழும் இதே மைசூரு நகரில் பிறந்து, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர்.

அத்திப்பட்டு கிருஷ்ணசாமி இராமானுஜன் 1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், வானியலிலும் வல்லவர். அவரது அறை மாடியில் இருந்தது. அங்கு நூல்களும் ஆங்கிலமும் ஆட்சி செய்தன. கீழே, அன்னையின் அடுக்களையில் தமிழ். வாசலைத் தாண்டினால் கன்னடம். விஜயநகரில் உங்களுள் பலரது வீட்டிலும் ஏறத்தாழ இதுவே நிலை அன்றோ? மாடி மட்டும் இல்லாதிருக்கலாம்.

அவர் பயின்ற மரிமல்லப்பா உயர்நிலைப் பள்ளியும் மகாராஜா கல்லூரியும் இன்றும் நம் நகரில் உள்ளன. கல்லூரியில் முதலில் அறிவியல் எடுத்தவர், தந்தையின் தூண்டுதலால் ஆங்கில இலக்கியத்திற்கு மாறினார். பின்னர்க் கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா எனப் பல ஊர்களில் ஆங்கிலம் கற்பித்தார். 1959இல் அமெரிக்கா சென்று, இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வை மேற்கொண்டு, 1963இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் வாழ்வின் திருப்பம் 1962இல் நிகழ்ந்தது. சிகாகோவில் பணியேற்ற புதிதில், ஒரு சனிக்கிழமையன்று, பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடிப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குள் சென்றார். ஆம், தாய்மொழி தமிழாயினும் பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை. தேடிய இடத்தில் அவர் கையில் அகப்பட்டது குறுந்தொகை. உ. வே. சாமிநாதையர், எண்பது வயதைக் கடந்த நிலையில், 1937இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு அது. ஏட்டுச்சுவடிகளிலிருந்து அம்முதியவர் மீட்டெடுத்த நூல், கடல் கடந்து நிலவறையில் தனக்குரிய வாசகருக்காகக் காத்திருந்தது போலும்! வீட்டுத் தமிழை மட்டும் அறிந்திருந்த முப்பத்து மூன்று வயதுப் பேராசிரியர், மீண்டும் மாணவரானார்.

அந்தப் பயிற்சியின் பயனாக 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. குறிஞ்சி, முல்லை முதலிய நிலங்கள் மனத்தின் நிலைகளையும் காட்டுகின்றன என்னும் அகத்திணை நுட்பத்தை உலகம் அந்நூல்வழி வியப்புடன் அறிந்தது. கன்னடத்தையும் அவர் மறந்தாரில்லை. பசவண்ணர், அக்கமகாதேவி முதலியோரின் வசனங்களை 1973இலும், நம்மாழ்வார் பாசுரங்களை 1981இலும் ஆங்கிலத்தில் தந்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொந்தமாகக் கவிதைகள் படைத்தார். பாட்டிமார் சொல்லும் நாட்டுப்புறக் கதைகளையும் ஏட்டிலக்கியத்திற்கு இணையாகவே மதித்துத் தொகுத்தார். அவர் பணிகளுள் எனக்கு மிகவும் உவப்பானது இதுவே.

1976இல் பத்மஸ்ரீ விருதும், 1983இல் அமெரிக்காவின் புகழ்மிக்க மெக்ஆர்தர் நல்கையும் அவரை அடைந்தன. 1993ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், அறுவை மருத்துவத்திற்கெனத் தரப்பட்ட மயக்க மருந்து ஒவ்வாமல், சிகாகோவில் காலமானார். 1999இல் அவரது ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் இரு நெஞ்சங்கள் கலந்ததைப் பாடும் குறுந்தொகைப் பாடலை நீங்கள் மேல்வகுப்பில் படிப்பீர்கள். அதனை இயற்றியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன உவமையே செம்புலப்பெயனீரார் என அவருக்குப் பெயராயிற்று. அப்பாடல், இராமானுஜனின் மொழிபெயர்ப்பில், இலண்டன் நகரச் சுரங்க இரயில் பெட்டிகளில் பயணிகள் படிப்பதற்காக ஒட்டப்பட்டது.