தோழர் துப்செக்கும் தொழிலாளர் ஜனநாயகமும்

கம்யூனிஸ்டு ஆட்சியில் ஜனநாயக மாற்றத்துக்கு இடமுண்டா? மாற்றார் ஏளனமாகக் கேட்கும் கேள்வி இது. ஏளனத்துக்குக் கோபம் பதிலாகாது, வரலாறே பதில். அலெக்சாண்டர் துப்செக்கின் வாழ்க்கையைப் பாருங்கள், தோழர்களே!

1921 நவம்பர் 27-ல் ஸ்லோவாக்கியக் கிராமமொன்றில் பிறந்தார். தந்தை, சிகாகோவில் பிழைத்துத் திரும்பிய தச்சுத் தொழிலாளி. சோவியத் நாட்டைக் கட்டக் கைகொடுக்க 1925-ல் குடும்பத்தோடு கிர்கீசியாவுக்குப் போனார். 1938-ல் தாயகம் திரும்பிய மகன், ஆலையில் பிட்டர் வேலை கற்றார். மறு ஆண்டே தலைமறைவுக் கட்சியில் சேர்ந்தார். 1944-ல் நாஜிகளை எதிர்த்து மக்கள் ஆயுதமேந்தியபோது சகோதரர் இருவரும் களத்தில் நின்றனர். அண்ணன் மாண்டார், தம்பி இருமுறை காயமுற்றார். இவரையா முதலாளிகளின் கைக்கூலி என்பது?

1968 ஜனவரி 5-ல் செக்கோஸ்லோவாக்கியக் கட்சியின் முதல் செயலாளரானார். 1952-ல் பொய்க் குற்றம் சுமத்தி, முன்னாள் பொதுச் செயலாளர் ஸ்லான்ஸ்கி உட்பட 11 பேரைத் தூக்கிலிட்ட நாடு அது. அங்கே அச்சம் நீங்கியது. தலைமை என்பது ஆணையிட்டுப் பெறுவதல்ல, மக்கள் நம்பிக்கையால் பெறுவது என்று ஏப்ரல் செயல்திட்டம் அறிவித்தது. ஜூனில் பத்திரிகைத் தணிக்கை ஒழிந்தது. ஆலைகளில் தொழிலாளர் கவுன்சில்கள் முளைத்தன. முதலாளிக்கு எந்த ஆலையும் திருப்பித் தரப்படவில்லை. வார்சா ஒப்பந்தத்திலிருந்து நாடு விலகவுமில்லை.

ஆகஸ்டு 20 இரவு, நேச நாடுகளின் டாங்கிகளே எல்லை கடந்து வந்தன. துப்செக்கைச் சிறைபிடித்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோயினர். 22-ம் தேதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்சிப் பிரதிநிதிகள் பிராக் நகரின் வைசோச்சானி ஆலையில் கூடினர். தொழிலாளர் உடையில் வந்த அவர்களைத் தொழிலாளர்களே காத்தனர். சிறையிலிருந்த தலைவரையே அம்மாநாடு மீண்டும் தேர்ந்தெடுத்தது.

மாஸ்கோவில் நெருக்கடிக்குப் பணிந்து துப்செக் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்; கிரீகல் ஒருவர் மட்டும் மறுத்தார். 1969 ஏப்ரலில் பதவி பறிபோயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், கிளர்ச்சி செய்தவர்களை ஒடுக்கும் சட்டத்திலும் நாடாளுமன்றத் தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டார். அது அவர் வாழ்வின் களங்கம், மறைக்க வேண்டியதில்லை. 1970-ல் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டு, போலீஸ் கண்காணிப்பில் வனத்துறை ஊழியராய்க் காலம் கழித்தார். 1989 டிசம்பர் 28-ல் மீண்டும் நாடாளுமன்றத் தலைவரானார். கார் விபத்தில் காயமுற்று, 1992 நவம்பர் 7-ல், ரஷ்யப் புரட்சியின் ஆண்டு நாளில், கண்மூடினார்.

இடமுண்டு என்று அந்த எட்டு மாதங்கள் காட்டின. அந்த முயற்சியைக் குலைத்தது முதலாளி வர்க்கமல்ல. தொழிலாளியின் விமர்சனத்துக்கு அஞ்சிய தலைமைகளே குலைத்தன. விளைவென்ன? 1968-ல் கட்சி மாநாட்டை ஆலைக்குள் வைத்துக் காத்த அதே தொழிலாளி வர்க்கம், 1989 நவம்பர் 27-ல் அந்தக் கட்சியின் ஆட்சியை எதிர்த்துப் பொது வேலைநிறுத்தம் செய்தது. அன்று துப்செக்கின் பிறந்த நாள். தொழிலாளியின் வாயை அடைக்கும் கட்சி, தொழிலாளியையே இழக்கும். கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் குறை சொல்ல எழும்போது இதை நினைவிற் கொள்வோம்!