டப்பாவுக்குள் தூங்கிய எமன்

1919-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த கேன்டன் நகரில் ஒரு விருந்து நடந்தது. அதில் கறுப்பு ஆலிவ் காய்கள் பரிமாறப்பட்டன. அவை கலிபோர்னியாவில் பதப்படுத்தி, கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்பப்பட்டவை.

விருந்து முடிந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. நாக்கு குழறியது. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. கடைசியில் மூச்சு விடும் தசைகளும் செயல் இழந்தன. 7 பேர் இறந்து போனார்கள்.

அதன் பிறகு டெட்ராய்ட், மெம்பிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களிலும் இதே போன்ற சாவுகள் நேர்ந்தன. அங்கும் ஆலிவ் காய்தான் காரணம். டப்பா உணவு என்றாலே மக்கள் பயந்தார்கள். கலிபோர்னியாவில் ஏராளமான தொழிலாளர்களுக்குச் சோறு போட்ட தொழில் ஆட்டம் கண்டது.

அந்த நேரத்தில் இந்த மரணங்களுக்கு முடிவு கட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட விஞ்ஞானிகளில் முக்கியமானவர், கார்ல் பிரெடரிக் மேயர்.

கால்நடை டாக்டர்

மேயர் 1884-ம் ஆண்டு மே 19-ந்தேதி சுவிட்சர்லாந்து நாட்டில் பாசல் நகரில் பிறந்தார். சூரிச் நகரில் கால்நடை மருத்துவம் படித்தார். 1908-ல் கப்பல் ஏறி தென்ஆப்பிரிக்கா சென்றார். அங்கு பிரிட்டோரியா நகருக்கு அருகே, ஆர்னால்டு தெய்லர் என்ற புகழ் பெற்ற கால்நடை விஞ்ஞானியிடம் வேலை பார்த்தார். கூட்டம் கூட்டமாக மாடுகளைக் கொன்ற உண்ணிக் காய்ச்சல் பற்றி ஆராய்ந்தார்.

பின்னர் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1913-ல் கலிபோர்னியாவுக்குப் போனார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள ஹூப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பிறகு அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

கொதித்தாலும் சாகாது

ஆலிவ் காயில் இருந்த எமன் புதியவன் அல்ல. 1895-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் எல்லெசெல் என்ற கிராமத்தில், சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டார்கள். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியில் இருந்து நோய்க் கிருமியைப் பிரித்து எடுத்தவர், வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர். அந்தக் கிருமியின் இன்றைய பெயர் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம். அதனால் வரும் நோய் "பாட்டுலிசம்". லத்தீன் மொழியில் "பாட்டுலஸ்" என்றால் இறைச்சிக் குழல். முன்பு ஜெர்மனியில் அதைத் தின்றவர்களுக்கு இந்த நோய் வந்ததால் இந்தப் பெயர்.

இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. காற்றுள்ள இடத்தில் அது வளராது. சூழ்நிலை சரி இல்லை என்றால் கெட்டியான உறைக்குள் சுருண்டு, ஒரு வித்து போல் தூங்கத் தொடங்கிவிடும். காற்று இல்லாத டப்பாவுக்குள் அது மாட்டிக்கொண்டால், அங்கே விழித்துக்கொள்ளும். பெருகும். விஷத்தைக் கக்கும். உலகில் உள்ள விஷங்களிலேயே மிகக் கொடியவற்றில் அதுவும் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விஷத்தை 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் அது அழிந்துவிடும். ஆனால் விஷத்தை உண்டாக்கும் வித்து, கொதிக்கும் நீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாது.

மண் சோதனை

இந்த வித்து எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையின் அசுத்தமா? தொழிலாளர்களின் அஜாக்கிரதையா?

மேயரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா முழுவதிலும் இருந்து மண் எடுத்துச் சோதித்தார்கள். தோட்டம், வயல், மனிதன் உழாத மலைச்சரிவு எல்லாவற்றிலும் அந்த வித்து இருந்தது. மண்ணில் விளையும் எந்தக் காயிலும் அது ஒட்டிக்கொண்டு வரலாம். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகும் என்று சொல்ல முடியாது. எனவே டப்பாவில் அடைத்த பிறகு, வெப்பத்தால் அதைக் கொல்வதுதான் வழி என்பது தெளிவாயிற்று.

எவ்வளவு வெப்பம்? எவ்வளவு நேரம்? இதற்கு அப்போது யாரிடமும் சரியான கணக்கு இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் அனுபவப்படி செய்து வந்தது.

1922-ல் வந்த கணக்கு

மேயரும், ஜே.ஆர். எஸ்டி என்ற விஞ்ஞானியும் கோடிக்கணக்கான வித்துக்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1922-ல் முடிவை வெளியிட்டார்கள். மிகவும் முரட்டு வித்துக்கள் 100 டிகிரி சென்டிகிரேடில் சாக 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. 110 டிகிரியில் சுமார் அரை மணி நேரம் போதும். 120 டிகிரியில் 4 நிமிடமே போதும்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. நீராவியை அடைத்து அழுத்தினால்தான் 120 டிகிரி கிடைக்கும். வீட்டில் பிரஷர் குக்கர் வேலை செய்வதும் இந்தத் தத்துவப்படிதான். அந்த வெப்பம் டப்பாவின் நடுப்பகுதி வரை போய்ச் சேர வேண்டும் என்பது முக்கியம். தண்ணீரில் மிதக்கும் பட்டாணிக்கு வெப்பம் சீக்கிரம் ஏறும். கெட்டியான பூசணிக் கூழுக்கு நேரம் ஆகும்.

எலுமிச்சை போன்ற புளிப்பு உள்ள பொருள்களில் இந்தக் கிருமி வளராது. கறுப்பு ஆலிவ் காயிலோ, கசப்பு போகக் காரம் சேர்த்துப் பதப்படுத்தும்போது புளிப்பும் போய்விடுகிறது. அதனால்தான் அது எமனாக மாறியது.

சட்டம் வந்தது

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் டப்பா உணவு முதலாளிகளின் சங்கங்களும் உண்டு. ஆனால் கிடைத்த முடிவு அவர்களுக்குச் செலவு வைப்பதாக இருந்தது. 1925-ல் கலிபோர்னியாவில் டப்பா உணவுத் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கச் சட்டம் வந்தது. எந்தப் பண்டத்தை எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பது விதி ஆயிற்று. வெப்பத்தைப் பதிவு செய்து வைப்பதும் கட்டாயம் ஆயிற்று. முதலாளியின் வாய்ச்சொல் செல்லாது. பதிவுத் தாள்தான் பேச வேண்டும்.

பின்னாளில் வந்தவர்கள் மேயரின் கணக்கைத் திருத்தினார்கள். 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் என்பது இன்றைய அளவு. ஒரு லட்சம் கோடி வித்துக்கள் இருந்தாலும் ஒன்று மிஞ்சுவதே அரிது என்ற அளவுக்குப் பாதுகாப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

மேயர் இத்தோடு நிற்கவில்லை. 1930-ல் கலிபோர்னியாவில் குதிரைகள் மூளைக் காய்ச்சலால் மடிந்தபோது, அதற்குக் காரணமான வைரசைக் கண்டுபிடித்தார். கிளிக் காய்ச்சல், பிளேக் ஆகியவை பற்றியும் ஆராய்ந்தார். 1951-ல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1954-ல் தலைவர் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. 1974-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். இன்னும் 22 நாள் இருந்திருந்தால் அவருக்கு 90 வயது நிறைந்திருக்கும்.

கடையில் வாங்கும் டப்பா உப்பியிருந்தால், கசிந்தால், அதை ருசி பார்க்கவும் கூடாது; எறிந்துவிட வேண்டும். நல்ல டப்பாவை நம்பிப் பிரிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியவர்களில், மாடுகளுக்கு மருத்துவம் படித்த அந்த மனிதருக்கு முக்கியமான இடம் உண்டு.