பூயியின் இரவல் சிம்மாசனம்

இரண்டு வயதில் சக்கரவர்த்தி ஆனவர். பிற்காலத்தில் தோட்ட வேலை பார்த்தவர். அவர்தான் சீனாவின் கடைசிச் சக்கரவர்த்தி பூயி.

பூயி 1906-ம் ஆண்டு பிறந்தார். 1908-ல் அவரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். புரட்சி வந்தது. 1912-ல் முடியாட்சி ஒழிந்தது. 1924-ல் அரண்மனையை விட்டும் அவரை வெளியேற்றினார்கள். டியன்ட்சின் நகரில், ஜப்பானியர் வசம் இருந்த பகுதியில் அவர் குடியேறினார். இழந்த பட்டத்தை எப்படியாவது திரும்பப் பெறவேண்டும் என்று ஏங்கினார்.

அந்த ஏக்கத்தை ஜப்பான் பயன்படுத்திக்கொண்டது.

சீனாவின் வடகிழக்கில் இருப்பது மஞ்சூரியா. அது பூயியின் முன்னோர்களின் பூமி. நிலக்கரியும் இரும்பும் நிறைந்தது. 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படையினர் தங்கள் ரெயில் பாதையில் தாங்களே வெடி வைத்தார்கள். பழியைச் சீனர்கள் மீது போட்டார்கள். அதையே சாக்காக வைத்து மஞ்சூரியாவைப் பிடித்தார்கள்.

1932-ல் அங்கே "மஞ்சுகோ" என்ற தனி நாட்டை ஏற்படுத்தினார்கள். பூயி அதன் தலைவர் ஆனார். 1934-ல் சக்கரவர்த்தியாக முடி சூடினார்.

பட்டம் பூயிக்கு, அதிகாரம் ஜப்பானுக்கு!

மந்திரிகள் உள்ளூர்க்காரர்கள். துணை மந்திரிகள் ஜப்பானியர்கள். துணை மந்திரிகள் வைத்ததுதான் சட்டம். ஜப்பானியப் படைத்தளபதியே ஜப்பானின் தூதராகவும் இருந்தார். உள்ளூர் விவசாயிகளின் நிலங்கள் ஜப்பானியக் குடியேறிகளின் கைக்குப் போயின. சக்கரவர்த்தியால் தடுக்க முடியவில்லை.

தனி நாடு என்றால் மற்ற நாடுகள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது மக்கள் விரும்பி அமைத்த நாடு அல்ல என்று சர்வதேச சங்கத்தின் விசாரணைக் குழு கூறியது. 1933-ல் ஓட்டெடுப்பு நடந்தது. சங்கத்தின் அறிக்கையை 42 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த ஒரே நாடு ஜப்பான்! அது சங்கத்தை விட்டே விலகியது. பின்னர் இத்தாலி, ஜெர்மனி முதலிய சில நாடுகளே மஞ்சுகோவை அங்கீகரித்தன.

1945 ஆகஸ்டில் ரஷியப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. ஜப்பான் சரணடைந்தது. சில நாட்களிலேயே மஞ்சுகோவும் மறைந்தது. ஜப்பானுக்குத் தப்பிச் செல்ல முயன்ற பூயி, விமான நிலையத்தில் ரஷியர்களிடம் பிடிபட்டார்.

ரஷியாவில் 5 ஆண்டுக் காவல். சீனாவில் 9 ஆண்டுச் சிறை. 1959-ல் மன்னிப்புக் கிடைத்தது. பிறகு பீக்கிங் நகரின் தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்தார். 1967-ல் சாதாரணக் குடிமகனாகவே காலமானார்.

வல்லரசின் தோளில் ஏறி அமர்ந்தவர் பூயி. தோள் சரிந்தது, அவருக்கு நிற்கவும் இடம் இல்லாமல் போயிற்று.